மரபுக்குறியீட்டைக் காப்பவை எவை? உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களுக்கு,

நீங்கள் தயார்செய்து அனுப்பும் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துபவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். முதலாண்டு வகுப்பில் வந்து உட்காரும்போது அவர்களிடம் நல்ல அடித்தளம் இருக்கிறது. ஏ.யு.ஜி. தொடக்கக் கோடான், நிறுத்தக் கோடான்கள் மூன்று, ரைபோசோமின் சிறிய துணையலகு, பெரிய துணையலகு எல்லாம் தடையில்லாமல் சொல்கிறார்கள். அது உங்கள் உழைப்பு. ஆனால், 'யு.யு.யு. வந்தால் ஃபினைல் அலனின்' என்று சொன்ன அதே மாணவியிடம், 'அங்கே வந்து நிற்கும் டி-ஆர்.என்.ஏ.வில் ஃபினைல் அலனின்தான் ஏறியிருக்கிறது, டைரோசின் ஏறவில்லை என்பதை யார் பார்த்துக்கொண்டது?' என்று கேட்டால் வகுப்பு அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர் 'எதிர்கோடான்' என்பார். ஆண்டுதோறும் இந்தப் பதில்தான் வருகிறது.

அது தவறான பதில். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அமினோ அமிலம் டி-ஆர்.என்.ஏ.வில் ஏறும் கட்டத்தை நாம் எல்லோருமே ஓரிரு வரியில் கடந்துவிடுகிறோம். 'அமினோ அமிலம் ஏ.டி.பி. உதவியுடன் ஊக்குவிக்கப்பட்டு, அதற்குரிய டி-ஆர்.என்.ஏ.வுடன் இணைகிறது' என்று சொல்லிவிட்டு ரைபோசோமுக்குப் போய்விடுகிறோம். 'அதற்குரிய' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் பாடத்தின் உயிர்நாடி இருக்கிறது. எது எதற்குரியது என்று முடிவு செய்பவை அமினோஅசைல் டி-ஆர்.என்.ஏ. சிந்தடேஸ் என்ற நொதிகள். நாம் சுவரில் மாட்டி வைத்திருக்கும் மரபுக்குறியீட்டு அட்டவணை செல்லுக்குள் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறது என்றால், அது இந்த நொதிகளின் உடலில்தான். இதற்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் உருவத்தைப் பாருங்கள். கரும்பலகையில் நாம் டி-ஆர்.என்.ஏ.வைக் கிளாவர் இலை வடிவத்தில் வரைகிறோம். செல்லுக்குள் அது ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவில் மடிந்திருக்கிறது. ஈஸ்ட்டின் ஃபினைல் அலனின் டி-ஆர்.என்.ஏ.வை 1974இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எக்ஸ் கதிர் படிகவியல் மூலம் பார்த்தபோது இது உறுதியானது. ஒரு கையின் நுனியில் எதிர்கோடான். இன்னொரு கையின் நுனியில், அமினோ அமிலம் ஏற வேண்டிய சி.சி.ஏ. வால். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 7.5 நானோமீட்டர். அமினோ அமிலமோ ஒரு நானோமீட்டர்கூட இல்லாத சிறு மூலக்கூறு. வாலில் உட்கார்ந்திருக்கும் அமினோ அமிலத்தால் எதிர்கோடானைத் தொடவே முடியாது. இந்தத் தூரத்தைப் பலகையில் குறித்துவிட்டு, 'இப்போது சொல்லுங்கள், யார் முடிவு செய்வது?' என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பாடம் அங்கிருந்து தானாக நகரும்.

இந்தக் கேள்வியை முதலில் தெளிவாகக் கேட்டவர் பிரான்சிஸ் கிரிக். ஜார்ஜ் கேமோ தொடங்கிய 'ஆர்.என்.ஏ. டை கிளப்' என்ற சிறிய அறிவியலாளர் வட்டத்துக்கு 1955இல் அவர் ஒரு குறிப்பு அனுப்பினார். எந்த ஆய்விதழிலும் அது வெளிவரவில்லை. நியூக்ளிக் அமிலத்தின் மேற்பரப்பில் வாலினுக்கு ஒரு குழி, ஐசோலியூசினுக்கு இன்னொரு குழி என்று இருக்க வழியே இல்லை என்பது அவர் வாதம். ஆகவே அமினோ அமிலத்தைச் சுமந்து வர ஒரு சிறு இடைமூலக்கூறு வேண்டும். ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் அதன் இடைமூலக்கூறோடு சேர்க்கத் தனித்தனி நொதி வேண்டும். 20 அமினோ அமிலங்களுக்கு 20 நொதிகள். பாடப்புத்தகங்களில் 'ஏற்பி மூலக்கூறு' என்ற பாதி மட்டும் நிலைத்துவிட்டது. நொதிகள் என்ற மறுபாதி கைநழுவிப் போய்விட்டது.

அதே காலத்தில் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வகத்தில், பால் ஸாமெக்னிக்கும் மாலன் ஹோக்லண்டும் எலியின் கல்லீரலை அரைத்துக்கொண்டிருந்தார்கள். அரைத்ததை அதிவேக மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த மேல்நீரை எடுத்து, அதன் அமிலத்தன்மையை பி.எச். 5 அளவுக்குக் கொண்டுவந்தால் ஒரு வீழ்படிவு கிடைக்கும். அமினோ அமிலத்தை ஏ.டி.பி.யோடு சேர்த்து ஊக்குவிக்கும் நொதிகள் அந்த வீழ்படிவில் இருப்பதை 1956இல் அவர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு இன்னொன்று தெரிந்தது. கதிரியக்கக் கார்பன் சேர்த்த லியூசினை அந்தக் கலவையில் போட்டால், கதிரியக்கம் முதலில் புரதத்துக்குப் போகவில்லை. வீழ்படிவில் இருந்த சிறிய, கரையும் ஆர்.என்.ஏ. ஒன்றில் ஒட்டியது. பிறகுதான் புரதத்துக்குப் போனது. அந்தச் சிறு ஆர்.என்.ஏ.தான் இன்று நாம் டி-ஆர்.என்.ஏ. என்று சொல்வது. கிரிக்கின் குறிப்பு ஹோக்லண்டின் கைக்கு வந்திருக்கவில்லை. யூகித்தவர் ஒரு கரையில், கண்டுபிடித்தவர்கள் இன்னொரு கரையில் என்று இருந்திருக்கிறார்கள். ஊக்குவிப்பதும் ஏற்றுவதும் ஒரே நொதியின் வேலை என்பதைப் பால் பெர்க்கின் ஆய்வகம் 1958இல் காட்டியது.

வேதியியல் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் தடுமாறும் இன்னொரு இடம் அது. நொதி இரண்டு படிகளில் வேலை செய்கிறது. முதல் படியில் அமினோ அமிலமும் ஏ.டி.பி.யும் சேர்ந்து அமினோஅசைல் ஏ.எம்.பி. உண்டாகிறது; பைரோஃபாஸ்பேட் வெளியேறுகிறது. இரண்டாம் படியில் அமினோ அமிலம் ஏ.எம்.பி.யை விட்டுவிட்டு டி-ஆர்.என்.ஏ. வாலின் கடைசி அடினோசினில் எஸ்டர் பிணைப்பாக ஏறுகிறது. வெளியேறிய பைரோஃபாஸ்பேட்டை வேறொரு நொதி உடனே இரண்டாக உடைத்துவிடுவதால் வினை பின்னோக்கித் திரும்ப வழியில்லை. ஆக, ஓர் அமினோ அமிலத்தை ஏற்ற ஏ.டி.பி.யின் இரண்டு உயர் ஆற்றல் பிணைப்புகள் செலவாகின்றன. ரைபோசோமில் பெப்டைடு பிணைப்பு உருவாகும்போது ஏன் தனியாக ஏ.டி.பி. வேண்டியதில்லை என்று கேட்கும் மாணவருக்கு இங்கேதான் விடை இருக்கிறது. அதற்கான விலை, ஏற்றும்போதே கொடுத்தாகிவிட்டது. ரைபோசோமில் செலவாகும் ஜி.டி.பி. டி-ஆர்.என்.ஏ.வைக் கொண்டுவந்து சேர்க்கவும் அடுத்த கோடானுக்கு நகரவுமே பயன்படுகிறது.

இனி, வகுப்பில் நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நான் விரும்பும் சோதனை. 1962இல் ஃபிரான்சுவா ஷாப்வில், ஃபிரிட்ஸ் லிப்மன், சீமோர் பென்சர் ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் செய்தது. அவர்கள் சிஸ்டீனுக்குரிய டி-ஆர்.என்.ஏ.வை எடுத்து, அதற்குரிய நொதியைக் கொண்டே, கதிரியக்கக் கார்பன் கொண்ட சிஸ்டீனை முறைப்படி ஏற்றினார்கள். அதுவரை எல்லாம் இயல்பாக நடந்தது. பிறகு ரானே நிக்கல் என்ற வினையூக்கியைச் சேர்த்தார்கள். சிஸ்டீனின் பக்கச் சங்கிலியில் இருக்கும் கந்தகத்தை அது பிய்த்து எடுத்துவிடும். கந்தகம் போனால் சிஸ்டீன், அலனினாகிவிடும். டி-ஆர்.என்.ஏ.வும் அதன் எதிர்கோடானும் சிஸ்டீனுக்குரியவையாகவே இருக்கின்றன. வாலில் உட்கார்ந்திருப்பது மட்டும் அலனின்.

இதைச் செல்லில்லாப் புரதச் சேர்க்கைக் கலவையில் விட்டார்கள். யுராசிலும் குவானினும் மட்டும் கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.வைச் செய்தியாகக் கொடுத்தார்கள். அதில் சிஸ்டீனின் யு.ஜி.யு. கோடான் வரும். அலனினுக்கான கோடான்கள் நான்கிலும் சைட்டோசின் உண்டு என்பதால் அவற்றில் ஒன்றுகூட வர வாய்ப்பில்லை. ரைபோசோமால் அமினோ அமிலத்தை அடையாளம் காண முடியுமானால், அது இந்த அலனினை ஒதுக்கித் தள்ளியிருக்க வேண்டும். அது ஒதுக்கவில்லை. சிஸ்டீன் போக வேண்டிய இடத்தில் அலனின் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு முயலின் ஹீமோகுளோபினிலும் இதையே செய்து பார்த்தார்கள். அங்கேயும் சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் அலனின்.

இந்த முடிவின் முழுப் பொருளையும் பிள்ளைகள் உள்வாங்க நேரம் கொடுங்கள். ரைபோசோம் கோடானுக்கும் எதிர்கோடானுக்கும் பொருத்தம் பார்க்கிறது. வாலில் வந்திருப்பது யார் என்று அது சோதிப்பதில்லை. நொதி தவறாக ஏற்றிவிட்டால், அந்தத் தவறை அதன்பின் பிடிக்க வேண்டிய கடமை ரைபோசோமுக்கு இல்லை. மரபுக்குறியீடு சரியாக இருப்பதும் குலைவதும் ஏற்றும் இடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. என் பார்வையில், யு.யு.யு. என்பது ஃபினைல் அலனின் என்று கண்டுபிடித்த 1961ஆம் ஆண்டின் நிரன்பர்க்–மத்தாய் சோதனைக்கு இணையாக வைக்க வேண்டிய சோதனை இது. அந்தச் சோதனை வகுப்பில் சொல்லப்படுகிறது, இது சொல்லப்படுவதில்லை.

அப்படியென்றால் நொதி எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? வாலினையும் ஐசோலியூசினையும் எடுத்துக்கொள்வோம். ஐசோலியூசினில் ஒரு மெத்திலீன் தொகுதி கூடுதலாக இருக்கிறது. ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். மற்றபடி வேறுபாடு இல்லை. ஐசோலியூசினுக்கான குழிக்குள் தன்னைவிடச் சிறிய வாலின் தாராளமாக நுழையும். பெரியதை வெளியே நிறுத்தலாம். சிறியதை எப்படி நிறுத்துவது? இவ்வளவு சிறிய வேறுபாட்டை நம்பியிருந்தால் பிழைகள் ஏராளமாக வரும் என்று லைனஸ் பாலிங் 1950களின் பிற்பகுதியில் கணக்கிட்டார். சோதனைக் குழாயில் பார்த்தால் அவர் அஞ்சியதில் உண்மை இருந்தது. ஐசோலியூசின் நொதி முதல் படியில் சுமார் 200 முறைக்கு ஒரு முறை வாலினை ஏ.எம்.பி.யோடு சேர்த்துவிடுகிறது. ஆனால், ராபர்ட் லாஃப்ட்ஃபீல்ட் முடிந்த புரதத்தில் பிழையை அளந்தபோது, அது சுமார் 3000க்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது.

இந்த இரண்டு எண்களையும் கொடுத்துப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு புரதத்தில் 20 ஐசோலியூசின்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 200க்கு ஒரு பிழை என்றால், உருவாகும் மூலக்கூறுகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்றில் ஓரிடத்திலாவது வாலின் வந்துவிடும். 3000க்கு ஒன்று என்றால் 150 மூலக்கூறுகளுக்கு ஒன்றில் மட்டுமே வரும். இது ஐசோலியூசினுக்கான கணக்கு மட்டும். இன்னும் பல அமினோ அமிலங்களுக்கு இப்படி ஒத்த சாயல் கொண்டவை உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால், 200க்கு ஒரு பிழையோடு ஒரு செல் காலம் தள்ள முடியுமா என்று அவர்களே யோசிப்பார்கள்.

இடையில் பிழை எங்கே போனது? 1966இல் ஸ்டான்ஃபோர்டில் பால்ட்வினும் பெர்க்கும் இதைப் பிடித்தார்கள். ஐசோலியூசின் நொதியில் வாலின்–ஏ.எம்.பி. உட்கார்ந்திருக்கும் நிலையில் கலவையை வைத்துக்கொண்டு, அதில் ஐசோலியூசினுக்குரிய டி-ஆர்.என்.ஏ.வைச் சேர்த்தார்கள். வாலின் அந்த வாலில் ஏறும் என்று எதிர்பார்க்கலாம். நடந்தது வேறு: வாலின்–ஏ.எம்.பி. நீராற்பகுக்கப்பட்டு, வாலின் வெளியே விடப்பட்டது. ஏற்றுகிற நொதியே தான் செய்த தவறைத் திருத்துகிறது. அதற்காகச் செலவான ஏ.டி.பி. வீண்தான். துல்லியத்துக்குச் செல் கொடுக்கும் விலை அது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஆலன் ஃபெர்ஷ்ட் 1977இல் 'இரட்டைச் சல்லடை' என்ற விளக்கத்தைக் கொடுத்தார். நம் வீடுகளில் மாவு சலிப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். முதல் சல்லடை, ஏற்றும் இடம். ஐசோலியூசினைவிடப் பெரியவை அதில் நுழைய முடியாது. ஐசோலியூசினும் அதைவிடச் சிறியவையும் நுழைந்துவிடும். இரண்டாம் சல்லடை, திருத்தும் இடம். அதன் கண் இன்னும் சிறியது. வாலின் அதற்குள் நுழைந்து அங்கே வெட்டப்படும். ஐசோலியூசின் அதற்குள் போக முடியாததால் தப்பித்துக்கொள்ளும். வேண்டியது முதல் சல்லடையின் வழியே விழுகிறது, இரண்டாவதன் மேல் தங்குகிறது. ஜப்பானில் ஷிகேயுகி யோகோயாமாவின் குழு 1998இல் இந்த நொதியின் படிக அமைப்பை வெளியிட்டபோது, இரண்டு இடங்களும் 3 நானோமீட்டருக்கும் அதிகமான இடைவெளியில் தனித்தனியாக இருப்பது கண்ணுக்கே தெரிந்தது. கருத்தளவில் 21 ஆண்டுகள் இருந்த இரண்டாம் சல்லடை, புரதத்தின் தனியொரு பகுதியாக நின்றது. தவறாக ஏறிய டி-ஆர்.என்.ஏ.வின் வால் முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வளைந்து போய்ச் சோதனைக்கு நிற்கிறது.

எல்லா நொதிகளும் அளவை மட்டும் நம்பியிருக்கவில்லை. த்ரியோனினும் வாலினும் உருவத்திலும் அளவிலும் ஏறக்குறைய ஒன்றே. த்ரியோனின் நொதி தன் குழிக்குள் ஒரு துத்தநாக அயனியை வைத்திருக்கிறது. த்ரியோனினின் ஹைட்ராக்சில் தொகுதி அந்த அயனியைப் பிடித்துக்கொள்ளும். வாலினுக்கு ஹைட்ராக்சில் இல்லை, அதனால் இடமில்லை. ஆனால் செரினுக்கும் ஹைட்ராக்சில் உண்டு, அதோடு அது சிறியது. அது நுழைந்துவிடுகிறது, பிறகு திருத்தும் இடத்தில் வெட்டப்படுகிறது. இதைப் படிக அமைப்பின் மூலம் விளக்கியவர்களில் முக்கியமானவர் ராஜன் சங்கரநாராயணன். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் டினோ மொராஸின் ஆய்வகத்தில் இதைச் செய்துவிட்டு, ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு வந்தார். அங்கே அவர் குழு எடுத்துக்கொண்டது இன்னொரு வகைப் பிழை. புரதங்களில் எல்-அமினோ அமிலங்கள் மட்டுமே இருக்க வேண்டும். அவற்றின் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவம் எப்போதாவது டி-ஆர்.என்.ஏ.வில் ஏறிவிட்டால், அதை வெட்டி நீக்க டி.டி.டி. என்ற தனி நொதி இருக்கிறது. அது டி-வடிவத்தை வெட்டி, எல்-வடிவத்தைத் தொடாமல் விடுவது எப்படி என்பதை அணு அளவில் காட்டினார்கள். சங்கரநாராயணனுக்கு 2020ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசு உயிர் அறிவியலுக்காகக் கிடைத்தது. நம் நாட்டில், ஒரு இரவு ரயில் பயணத்தில் எட்டிவிடும் ஊரில் நடக்கும் ஆராய்ச்சி இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்தத் துறை முடிந்துபோன வரலாறு என்ற எண்ணம் அப்போது வராது.

இதுவரை அமினோ அமிலத்தைத் தேர்வதைப் பற்றிப் பேசினேன். நொதி சரியான டி-ஆர்.என்.ஏ.வையும் தேர்ந்தாக வேண்டும். 'எதிர்கோடான்' என்று சொன்ன மாணவருக்கு இங்கே ஒரு பங்கு நியாயம் உண்டு. மெத்தியோனின், ஐசோலியூசின், வாலின், குளுட்டமின் போன்றவற்றின் நொதிகள் எதிர்கோடானைத் தடவிப் பார்த்துத்தான் அடையாளம் காண்கின்றன. தாமஸ் ஸ்டைட்ஸ், டீட்டர் ஸோல் ஆகியோரின் குழு 1989இல் வெளியிட்ட குளுட்டமின் நொதி–டி-ஆர்.என்.ஏ. கூட்டமைப்பின் படத்தில் நொதி வால் முனையிலிருந்து எதிர்கோடான் வரை இரண்டு கைகளையும் அணைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அங்கேயும் எதிர்கோடானைப் படிப்பது நொதிதான். அமினோ அமிலம் படிப்பதில்லை. செரினுக்கு இது சரிப்படாது. செரினுக்கு ஆறு கோடான்கள், யு.சி. என்று தொடங்குபவை நான்கும் ஏ.ஜி. என்று தொடங்குபவை இரண்டும். இவற்றுக்கான எதிர்கோடான்களுக்கு இடையே பொதுவான அடையாளம் இல்லை. ஆகவே அந்த நொதி எதிர்கோடானைப் பார்ப்பதே இல்லை; செரின் டி-ஆர்.என்.ஏ.வில் இருக்கும் நீண்ட மாறு கையைப் பிடித்து அடையாளம் காண்கிறது.

அலனின் கதை இன்னும் அழகு. யா-மிங் ஹௌவும் பால் ஷிம்மலும் 1988இல் எம்.ஐ.டி.யில் கண்டது இது. அலனின் டி-ஆர்.என்.ஏ.வின் ஏற்புக் காம்பில் மூன்றாம் இடத்துக் குவானினும் எழுபதாம் இடத்து யுராசிலும் இணையாக நிற்கின்றன. வழக்கமான இணை இல்லை இது. இந்த ஒரே ஓர் இணையை மாற்றினால் அலனின் ஏறுவதில்லை. இதே இணையைச் சிஸ்டீன், ஃபினைல் அலனின் டி-ஆர்.என்.ஏ.க்களில் வைத்தால் அவற்றில் அலனின் ஏறுகிறது. எதிர்கோடானையே வெட்டி எறிந்துவிட்டு, காம்புப் பகுதியை மட்டும் சிறு துண்டாகக் கொடுத்தாலும் அலனின் நொதி அதில் அலனினை ஏற்றுகிறது என்பதை அடுத்த ஆண்டு ஷிம்மலின் ஆய்வகம் காட்டியது. 'எதிர்கோடான்தான் முடிவு செய்கிறது' என்ற பதிலுக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியாது.

வகைப்பாட்டைப் பற்றி ஒரு சொல். இந்த நொதிகள் இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன என்பது 1990இல் தெரிந்தது. குடும்பத்துக்குப் பத்துப் பத்தாக. ஒரு குடும்பம் டி-ஆர்.என்.ஏ.வை ஒரு பக்கத்திலிருந்தும் மற்றது எதிர்ப்பக்கத்திலிருந்தும் நெருங்குகின்றன. மடிப்பில் ஒன்றுக்கொன்று எந்த ஒற்றுமையும் இல்லை. ஆகவே உயிரின் தொடக்கத்தில் இரண்டு தனி மூதாதை நொதிகள் இருந்திருக்க வேண்டும். தேர்வுக்கு இது தேவைப்படாது. ஆனால் உயிர் எப்படித் தொடங்கியது என்று கேட்கும் பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும், அதற்காகச் சொல்லுங்கள். '20 அமினோ அமிலம், 20 நொதி' என்பதை மட்டும் மாறாத விதியாகச் சொல்லிவிட வேண்டாம். பல பாக்டீரியாக்களில் குளுட்டமினுக்கென நொதியே கிடையாது. குளுட்டமின் டி-ஆர்.என்.ஏ.வில் முதலில் குளுட்டமேட்டை ஏற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே அதைக் குளுட்டமினாக மாற்றிக்கொள்கின்றன. மனித செல்லில் சைட்டோபிளாசத்துக்கு ஒரு தொகுதியும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரும்பாலும் தனித் தொகுதியும் இருக்கின்றன.

இதெல்லாம் அன்றாட வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தோலில் சீழ்க்கட்டியோ சிரங்கோ வந்தால் மருத்துவர் எழுதித்தரும் மியூபிரோசின் களிம்பை அவர்கள் பார்த்திருப்பார்கள். சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் என்ற பாக்டீரியா தயாரிக்கும் பொருள் அது. மற்ற பாக்டீரியாக்களின் ஐசோலியூசின் நொதியில் போய் உட்கார்ந்து அதை முடக்குகிறது. மனிதனின் அதே நொதியை அது பெரிதாகத் தொடுவதில்லை. சில ஸ்டஃபிலோகாக்கஸ் வகைகள் இந்த மருந்தை வெல்ல, மியூபிரோசின் ஒட்டாத இரண்டாவது ஐசோலியூசின் நொதிக்கான மரபணுவைப் பெற்றுவிட்டன. ஆகவே, வீட்டில் கிடக்கும் பழைய களிம்பை நினைத்தபோதெல்லாம் பூசக் கூடாது என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிடலாம். நகப் பூஞ்சைக்காக அமெரிக்காவில் 2014இல் அனுமதிக்கப்பட்ட டாவாபோரோல், லியூசின் நொதியின் திருத்தும் இடத்தில் டி-ஆர்.என்.ஏ.வின் வாலைச் சிக்கவைத்துவிடும் மருந்து. சீன மரபு மருத்துவத்தில் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த ஒரு செடியின் ஃபெப்ரிஃபியூஜின் என்ற பொருளின் வழியே வந்த ஹாலோஃபியூஜினோன், புரோலின் நொதியைத் தாக்குகிறது. மலேரியா ஒட்டுண்ணியின் இந்த நொதிகளைக் குறிவைத்து டெல்லியில் அமித் சர்மாவின் குழு ஆய்வு செய்திருக்கிறது.

நோய்ப் பக்கமும் இருக்கிறது. கைகால் தசைகள் மெலிந்து பலவீனமாகும் சார்க்கோ–மேரி–டூத் என்ற பரம்பரை நரம்பு நோயின் ஒரு வகைக்குக் கிளைசின் நொதியின் மரபணுவில் வரும் மாற்றம் காரணம் என்று 2003இல் தெரிந்தது. 2006இல் வெளியான எலி ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. அந்த எலிகளில் அலனின் நொதியின் திருத்தும் பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஏற்றும் வேலை ஒழுங்காகவே நடந்தது. திருத்தும் திறன் மட்டும் குறைந்ததால், அலனின் போக வேண்டிய இடத்தில் எப்போதாவது செரின் போனது. அந்தச் சிறு கசிவே போதுமானதாக இருந்தது: சரியாக மடியாத புரதங்கள் சிறுமூளையின் புர்கின்ஜி நியூரான்களில் சேர்ந்து, அவை செத்து, எலிகள் நடக்கத் தடுமாறின. நியூரான் வாழ்நாள் முழுக்கப் பிரியாமல் இருக்கும் செல். சேர்ந்த குப்பையைப் பிரிவதன் மூலம் பங்கிட்டுக் குறைக்க அதற்கு வழியில்லை. துல்லியம் என்று நாம் பாடத்தில் சொல்லும் சொல்லுக்கு ஓர் உயிரின் நடையில் என்ன பொருள் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் பாடத்திட்டத்தின் சுமையை நான் அறிவேன். ஒரு பரிந்துரை: 64 கட்டங்களையும் சூத்திரம் வைத்து மனப்பாடம் செய்ய வைக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையை எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். தொடக்க, நிறுத்தக் கோடான்கள் தெரிந்தால் போதும். மிச்சமாகும் பாடவேளையில் 'எல்' வடிவ டி-ஆர்.என்.ஏ.வும் 7.5 நானோமீட்டர் தூரமும், அதன்பின் ஷாப்வில்லின் சோதனையும், 200க்கும் 3000க்கும் இடையிலான கணக்கும் அடங்கிவிடும். மற்றவை ஆர்வமுள்ள பிள்ளைகள் பாட முடிவில் உங்களைச் சூழ்ந்து நிற்கும்போது சொல்வதற்கு.

வினாத்தாள் தயாரிக்கும் குழுக்களில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். 'ஏற்பி மூலக்கூறு எது?' என்ற ஒரு மதிப்பெண் கேள்வியோடு, இப்படியும் ஒன்று கேளுங்கள்: சிஸ்டீனுக்குரிய டி-ஆர்.என்.ஏ.வில் தவறுதலாக அலனின் ஏறிவிட்டது, எம்-ஆர்.என்.ஏ.வில் யு.ஜி.யு. வருகிறது, புரதத்தில் எந்த அமினோ அமிலம் சேரும், ஏன்? தேர்வில் வரும் என்று தெரிந்தால் வகுப்பிலும் இடம் கிடைக்கும். இதற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அடுத்த ஆண்டு என் வகுப்புக்கு வந்தால், முதல் வாரத்திலேயே ஐசோலியூசின் நொதியின் படிக அமைப்பைத் திரையில் போட்டு, இரண்டாம் சல்லடை எங்கே இருக்கிறது என்று அவர்களையே தேடச் சொல்வேன்.

தோழமையுடன்,
ஓர் உயிர்வேதியியல் ஆசிரியர்